மொனேட்டாவின் முகமும் சம்பந்தியின் சம்மட்டியும்

உருப்பெருக்கியை மார்பணியாய்ப் பூண்டவளே, பஞ்சுக் கையுறையைக் கவசமாய்த் தரித்தவளே, இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு காசையேனும் கைநழுவ விட்டறியாத விரலுடையவளே, அருங்காட்சியகத்து நாணய அறையின் தனிப்பெருங் காவலியே, உன்னை முதற்கண் போற்றுகிறோம். அரத்தூள் அப்பிய முன்கையனே, காதிடுக்கில் பென்சில் செருகிய கொற்றவனே, கல்லாய்ச் சமைந்த கடவுளரும் கால் இடறாமல் நிற்கப் பித்தளைக் கொக்கி வளைத்துத் தரும் பட்டறைத் தலைவனே, உன்னையும் அதே மூச்சில் போற்றுகிறோம். ஒருவரை முன்னும் ஒருவரைப் பின்னும் போற்றியது ஒரே வாயால் இரண்டு பெயரை ஒருசேரச் சொல்ல இயலாமையால் நேர்ந்ததே தவிர, வேறு உள்நோக்கம் சிறிதும் இல்லை. ஏனெனில் நீங்கள் இருவரும் சம்பந்திகள், மரியாதையில் கடுகளவு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு வீடுகளில் அன்றிரவு அடுப்பு சரியாக எரியாது என்பதை யாம் அறிவோம்.

போர் மூண்ட கதையைச் சொல்லுமுன் இவ்வுறவின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மையார் மேல்மாடியிலும் தலைவர் கீழ்த்தளத்திலும் ஒரே கட்டடத்தில் ஊழியம் செய்து வந்தனர். அந்நாளில் இவர் அவரை ‘மேஸ்திரி’ என்பார், அவர் இவரை ‘மேடம்’ என்பார். ஒரு பலகை கோணலாய் இருந்தால் அம்மையார் மாடிப்படியில் நின்றபடியே கத்துவார். தலைவர் கீழிருந்தபடியே திருப்பிக் கத்துவார். ஐந்து நிமிடத்தில் பலகை நேராகும், நெஞ்சில் எதுவும் தங்காது. சென்ற ஆண்டு அம்மையாரின் மகள் தலைவரின் மகனைக் கைப்பிடித்தாள். அன்றோடு ஒழிந்தது அந்தப் பொற்காலம். கத்தவேண்டிய இடத்தில் புன்னகைக்க வேண்டியதாயிற்று. பலகை கோணலாய் இருந்தால், “பரவாயில்ல சம்பந்தி, இதுவும் ஒரு அழகுதான்,” என்று அம்மையார் சொல்லவும், அந்தச் சொல்லின் கூர்மை தாங்காமல் தலைவர் இரவெல்லாம் புரளவும் நேர்ந்தது.

இனிப் போர்க்களம். இரண்டாம் மாடியின் நடு அரங்கம், வெள்ளையடித்த சுவர், புதுச்சாயத்தின் நெடி, சுவரோரம் சுருட்டிக் கிடக்கும் பழைய அறிவிப்புத் துணிகள். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே உரோமாபுரியின் வெள்ளிக்காசுக் கண்காட்சி திறக்கவிருந்தது. அரங்கின் நட்டநடுவே, இடுப்பளவு உயர்ந்த மரப்பீடத்தின்மேல், நாற்புறமும் கண்ணாடி சூழ்ந்த பேழை. பேழைக்குள் சாம்பல்நிறத் துணி போர்த்த பலகை. பலகையில் தலைவர் தம் கையால் குடைந்த இருபத்துநான்கு வட்டக்குழிகள், ஒவ்வொன்றும் தனக்குரிய காசின் அளவறிந்து, ஒரு மயிரிழையும் மிகாமல்.

படையை எண்ணிப் பெயர்சொல்வது பெருங்காவியத்தின் கடன். அக்கடனை யாமும் ஆற்றுவோம். முதல் வரிசையில் வந்தார்கள் இரட்டைச் சகோதரர்கள், ஈட்டி நீட்டிக் குதிரை விரட்டி, தலைக்கு மேல் ஆளுக்கொரு நட்சத்திரம் ஒளிர. அவர்களுக்குப் பக்கத்தில் நான்கு குதிரை பூட்டிய தேரில் நின்றாள் சிறகுடைய வெற்றித் திருமகள். இரண்டாயிரம் ஆண்டாய் அந்தக் குதிரைகள் பாய்ந்துகொண்டேயிருக்கின்றன, ஓர் அங்குலமும் முன்னேறியதில்லை. அடுத்து வந்தது பாம்பை மிதிக்கும் யானை. அதனை அடுத்து, துடுப்புகள் சீப்பின் பற்களாய் நிரம்பிய போர்க்கப்பல். குழந்தைகள் இருவருக்குப் பாலூட்டும் ஓநாய்த் தாய். வாக்குச்சீட்டைப் பேழையில் இடும் குடிமகன் ஒருவன், யாருக்கு என்று இன்றுவரை வாய்திறவாதவன். முன்னும் பின்னும் முகமுடைய கடவுள். பின் வரிசை முழுவதும் பேரரசர்கள்: வாகைமாலை சூடியவர், மூக்கு நீண்டவர், தாடை மடிந்தவர், கழுத்துத் தடித்தவர். அச்சடித்தவன் ஒருவரிடமும் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்தத் தாடைகளே சாட்சி சொல்லும்.

இருபத்துமூன்று காசுகளில் எந்தப் பக்கம் மேலே என்பதில் ஒரு சச்சரவும் இல்லை. யானை இருந்தால் யானை மேலே. ஓநாய் இருந்தால் ஓநாய் மேலே. இரண்டு புறமும் மங்கியிருந்தால் மன்னன் மேலே. சம்பந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, “நீங்க வைங்க”, “இல்ல, நீங்களே வைங்க” என்று வணங்கி வணங்கியே காலை பத்து மணிக்குள் இருபத்துமூன்றையும் குழியில் கிடத்திவிட்டனர்.

மிஞ்சியது நடுக்குழி. அதற்கு உரியது ஒரு டெனாரியஸ். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வெள்ளித்துண்டு. அதன் ஒரு புறம் மொனேட்டா என்னும் தேவி: வாரி முடிந்த கூந்தல், காதில் தொங்கும் தோடு, கழுத்தில் ஆரம், பிடரிக்குப் பின்னால் அவளுடைய பெயர். எச்சரிக்கை செய்பவள் என்று அவள் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அவளுடைய கோயிலை ஒட்டித்தான் உரோமாபுரியின் காசடிக்கும் சாலை இருந்தது. அதனாலேயே மேல்நாட்டு மொழிகள் பலவற்றில் காசைக் குறிக்கும் சொல் அவள் பெயரிலிருந்தே பிறந்தது. மறுபுறமோ தேவியும் இல்லை, மன்னனும் இல்லை, தேரும் இல்லை. நடுவே பட்டடை, அதன் மேல் அச்சு, ஒரு பக்கம் குறடு, மறுபக்கம் சம்மட்டி. காசு தன்னைப் பெற்றெடுத்த கருவிகளைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டிருந்தது.

இரண்டையும் ஒருசேரக் காட்டலாகாதா என்று வாசகர் கேட்பீர். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்கலாமே என்பீர். பதித்தார்கள், சென்ற கண்காட்சியில். வந்தவர்கள் எல்லாரும் காசை விட்டுவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டார்கள். அன்று இயக்குநர் பிறப்பித்த ஆணை இது: “இனிமே காசு எல்லாம் படுத்தேதான் இருக்கணும். ஒரு பக்கம் தெரிஞ்சா போதும். கண்ணாடி கிண்ணாடின்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது.”

அம்மையார் காசை எடுத்தார். தேவியின் முகம் மேலிருக்க, குழியில் இட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பக்கமா சம்பந்தியம்மா?”

“தெய்வம் கீழ பார்த்துக் கிடந்தா நல்லாவா இருக்கும் சம்பந்தி?”

“நீங்க சொன்னா சரிதான். ஆனா பின்பக்கமும் பார்க்க லட்சணமாத்தான் இருக்கு.”

“இருக்கு, இருக்கு. யாரு இல்லைன்னா?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

இவ்வளவே போர்முரசு. இதற்குமேல் ஒரு சொல் பேசியிருந்தால் அது மரியாதைக் குறைவாகியிருக்கும். ஆகவே வாய்கள் மூடின, கைகள் வாளேந்தின.

ஈரம் உறிஞ்சும் உப்புப் பைகளை எடுத்துவர அம்மையார் நாணய அறைக்குச் சென்ற கணத்தில், வேலியோரம் பதுங்கியிருந்த வேங்கை வெளிப்பட்டதுபோல் தலைவரின் கையுறை பேழைக்குள் பாய்ந்தது. தேவி குப்புற வீழ்ந்தாள். சம்மட்டி விண்நோக்கி எழுந்தது. திரும்பிவந்த அம்மையார் பார்த்தார். புருவம் உயர்ந்தது, உதடு புன்னகைத்தது. “அடடா, காத்துக்குத் திரும்பிடுச்சு போல,” என்றார். நான்கு கிராம் வெள்ளியைத் திருப்பவல்ல காற்று அந்த மூடிய அரங்கில் எங்கிருந்து வந்தது என்று தலைவர் கேட்கவில்லை. “இருக்கும், இருக்கும்,” என்று பீடத்தின் திருகாணியை முடுக்கலானார், ஏற்கெனவே முடுக்கியதை.

அதன்பின் நிகழ்ந்தவற்றை ஆயிரம் நாவிருந்தாலும் முழுதும் உரைத்தல் அரிது. மூன்றாம் அரங்கில் ஒரு பலகை ஆடுவதாக அம்மையார் செய்தி விட்டார். தலைவர் ஓடிப்போய்ப் பார்த்தார். பலகை மலைபோல் அசையாது நின்றது. ஓடிவந்தால் தேவி மேலே. இயக்குநர் கூப்பிட்டதாகத் தலைவர் செய்தி விட்டார், அம்மையார் ஓடினார், கூப்பிடாத இயக்குநர், வந்தவரை வீணாக்குவானேன் என்று புதிய வருகைப் பதிவு முறையைப்பற்றி இருபத்தைந்து நிமிடம் விளக்கினார், மீண்டுவந்தால் சம்மட்டி மேலே. முற்பகல் முடிவதற்குள் ஏழுமுறை புரண்டது அந்தக் காசு. தன்னை வார்த்தெடுத்த பேரூரில் எத்தனையோ உள்நாட்டுப் போர்களைக் கண்ட வெள்ளிதான் அது; ஆயினும் இத்தனை பணிவோடு நடந்த போரை அது முன்பு கண்டிருக்காது.

உணவு வேளை வந்தது. யார் முதலில் களம் நீங்குவது? எவரும் நீங்கவில்லை. அரங்கத்துக்குள் உண்ணல் ஆகாது என்பது விதியாதலால், இருவரும் வாயிலுக்கு வெளியே இரண்டு நாற்காலிகளை இழுத்துப்போட்டு, கண்கள் நான்கும் பேழைமேல் நிலைத்திருக்க, தத்தம் டப்பாவைத் திறந்தனர்.

“கொஞ்சம் எடுத்துக்கங்க சம்பந்தி.”

“ஐயோ, நீங்க எடுத்துக்கங்க சம்பந்தியம்மா. நான் சாப்பிட்டு முடிச்சாச்சு.”

“கை கழுவத்தான் நேரமாச்சே. போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்.”

“பரவாயில்ல. துணியிலயே துடைச்சுக்கிறேன்.”

அந்நேரம் அம்மையாரின் கைபேசி அதிர்ந்தது. அழைத்தவள் மகள்.

“அம்மா, மாமா இவருக்குப் போன் பண்ணினாராமே. நீ ஏதோ காசைத் திருப்பித் திருப்பிப் போடுறியாம். என்னம்மா நடக்குது அங்க?”

“ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்.”

“ஒரு காசுக்காகவா ரெண்டு பேரும் இப்படிப் பண்றீங்க?”

“காசு இல்லடி. டெனாரியஸ்.”

“எதுவோ ஒண்ணு. நாளைக்கு அத்தையும் வராங்க. எங்களை நடுவுல நிக்க வெச்சிடாதீங்க ரெண்டு பேரும்.”

அம்மையார் கைபேசியை வைத்தார். தலைவர் தம் டப்பாவின் அடியில் எதையோ மும்முரமாகத் தேடினார். தூதனுப்பியவன் அகப்பட்டுக்கொண்டான் என்பது இருவருக்கும் தெரிந்தது; ஆயினும் அதைச் சொல்லும் சொல் சம்பந்திகளின் அகராதியில் இல்லை.

பிற்பகல் மூன்றரை. ஐந்து மணிக்குக் காவற்பெண் வருவாள். இடுப்பில் தொங்கும் கொத்தின் ஓசையால் ‘சலங்கை’ என்று அந்த மாளிகை முழுதும் பெயர்பெற்றவள். அவள் பேழையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டால் மூன்று திங்களுக்குத் தேவர்களாலும் திறக்க இயலாது. நேரம் சுருங்கச் சுருங்கப் பொறுமையும் சுருங்கியது. பதின்மூன்றாம் முறை காசு புரண்டு சம்மட்டி மேலேறிக் கிடக்கக் கண்ட அம்மையார், இம்முறை தலைவர் எதிரில் நிற்கும்போதே கையை நீட்டினார். தலைவரும் நீட்டினார். இரண்டு கையுறைகள், ஒரு காசு. இரண்டு பேரலைகள் நடுக்கடலில் மோதித் தெறித்த துளிபோல் அது துள்ளிற்று, பேழையின் விளிம்பில் பட்டு மணியொலித்தது, தரையில் விழுந்தது, விழுந்தும் சாயாது, விளிம்பிலே நிமிர்ந்து, தேருருள்போல் உருண்டு, தரைக்கும் பீடத்துக்கும் நடுவிலிருந்த இருவிரல் இடைவெளிக்குள் புகுந்து மறைந்தது.

இருபத்தாறு ஆண்டுகள். ஒரு காசும் விழாத இருபத்தாறு ஆண்டுகள். அம்மையாரின் முகம் வெளிறியது. தலைவர் அதைப் பார்த்தார். அவருடைய கையுறை தானாகவே கழன்று கீழே விழுந்தது.

“சம்பந்தியம்மா, தப்பு என்னோடது.”

“இல்ல. நான்தான் பிடிச்சு இழுத்தேன்.”

இருவரும் தரையில் படுத்தனர். ஒன்பது வாசல் கடந்து பாதாளம் புகுந்த வீரரைப் பாடக் கேட்டிருப்பீர். ஐம்பத்தைந்து வயதில், முழங்கால் வலியோடு, இரு முதிய சம்பந்திகள் பீடத்தின் இருபுறமும் குப்புறக் கிடந்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, கைபேசி விளக்கை இருளுக்குள் நீட்டிய வீரத்தை எவரும் பாடக் கேட்டிருக்கமாட்டீர். உள்ளே தச்சர்கள் விட்டுச்சென்ற மரத்தூள், தூசிச் சுருள், ஒரு பழைய பேனா மூடி. அவற்றின் நடுவே, பீடத்தை மட்டம்பார்க்கச் செருகிய ஆப்பின் பிளவில் விளிம்பு பதிந்து, அசையாமல் நின்றது காசு.

நின்றது. படுக்கவில்லை. அம்மையார் தம் பக்கத்திலிருந்து விளக்கைப் பாய்ச்சினார். ஒளியில் தெரிந்தன குறடும் பட்டடையும் சம்மட்டியும். தலைவர் தம் பக்கத்திலிருந்து பாய்ச்சினார். ஒளியில் தெரிந்தாள் தேவி. நாள் முழுதும் தாம் தாம் மறைத்த பக்கத்தை இருவரும் இப்போதுதான் ஓய்ந்திருந்து பார்த்தனர். காசுக்கு அப்பால், ஒளியின் மறுகரையில், தூசி ஒட்டிய இன்னொரு முகமும் தெரிந்தது.

“தோடு போட்டிருக்காங்களே,” என்றார் தலைவர். “நான் கவனிக்கல.”

“வலது பக்கம் பாருங்க சம்பந்தி. ஆரத்துல ஒவ்வொரு மணியும் தெரியும்.”

“தெரியுது.”

“நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், முப்பத்தோராம் தட்டுல ஒரு காகிதப் பொட்டலத்துல கிடந்தது. மேல ‘பெண் தலை, தேய்ந்தது’ன்னு எழுதியிருந்தாங்க. யாரும் பேர்கூடப் பார்க்கல. சாய்வா வெளிச்சம் வெச்சு ஒவ்வொரு எழுத்தா நான்தான் படிச்சேன். அதுக்கு முன்னால நான் எதையுமே சொந்தமா கண்டுபிடிச்சதில்ல. யாரோ ஒரு பொம்பளைன்னு அவளை இன்னொரு தடவை கவுத்துப் போட மனசு வரல.”

தலைவர் விளக்கைச் சற்றுத் தாழ்த்தினார்.

“எனக்கு அவங்க மேல ஒரு கோபமும் இல்ல சம்பந்தியம்மா. முப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல ராஜாவோட கத்தியை நிக்க வெச்சிருக்கேன், ராணியோட வளையலை நிக்க வெச்சிருக்கேன். வேலை செய்யிறவனோட சாமான் ஒண்ணுகூட ஒரு பேழைக்குள்ள இருந்து நான் பார்த்ததில்ல. குழி வெட்டுறதுக்கு அளவெடுக்க இதைக் குடுத்தீங்களே, அன்னைக்குத்தான் பார்த்தேன். அது என் கொறடு. அச்சு அசலா என் சுவத்துல தொங்குற கொறடு. பட்டறைப் பசங்க எல்லாரையும் நாளைக்கு வீட்டோட வரச்சொல்லிட்டேன், வந்து பாருங்கடான்னு.”

“இதை ஏன் காலைலயே சொல்லல?”

“சம்பந்திகிட்ட எப்படிச் சொல்றது?”

அப்போது வாயிலில் சலங்கையொலி கேட்டது. காவற்பெண் நின்றாள். பீடத்தின் இருபுறமும் நீண்டு கிடந்த நான்கு கால்களைக் கண்டாள்.

“மேடம், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல,” என்றன பாதாளத்திலிருந்து இரண்டு குரல்கள்.

“மணி நாலு. அஞ்சுக்குப் பூட்டணும்.”

“பூட்டிக்கலாம் போம்மா.”

தலைவர் தம் எஃகு அளவுகோலை உள்ளே செலுத்தினார். ஆப்பின் பிளவை மெல்ல நெம்பினார். கருவிலிருந்து மகவைத் தாங்கும் மருத்துவச்சியின் கையாய் அம்மையாரின் உள்ளங்கை மறுபுறம் விரிந்திருந்தது. காசு சாய்ந்து அதில் விழுந்தது. உருப்பெருக்கி பாய்ந்து வந்தது. விளிம்பு சுற்றி ஒருமுறை, இருபுறமும் ஒருமுறை, மீண்டும் விளிம்பு சுற்றி ஒருமுறை. கீறல் இல்லை, நெளிவு இல்லை. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளிக்கு மூன்றடி உயரம் ஒரு பொருட்டே இல்லை. அம்மையார் மூச்சு விட்டார். தலைவரும் விட்டார், தாம் அதுவரை விடாதிருந்ததை அப்போதுதான் உணர்ந்தவராய்.

போர் ஓய்ந்தது என்று எண்ணிவிடாதீர். முன்னினும் கொடிய போர் இப்போதுதான் தொடங்கிற்று. அம்மையார் எழுந்து தூசி தட்டி, காசைக் குழியில் இட்டார், சம்மட்டி மேலிருக்க.

“இப்படியே இருக்கட்டும் சம்பந்தி. உங்க ஆளுங்க வராங்கல்ல.”

“சேச்சே. அந்தம்மா கஷ்டப்பட்டு வெளிய வந்திருக்காங்க,” என்று தலைவர் தேவியை மேலாக்கினார்.

“நான் மனசாரத்தான் சொல்றேன்,” என்று அம்மையார் திருப்பினார்.

“நானும் மனசாரத்தான் சொல்றேன்,” என்று தலைவர் திருப்பினார்.

எதிரியின் கொடியைத் தம் கோட்டைமேல் ஏற்றத் துடிக்கும் இரு வேந்தர்களை எந்தக் களம் கண்டது? விட்டுக்கொடுப்பதில் தோற்பதற்கு இருவரில் ஒருவரும் இசைந்தாரில்லை. பதினெட்டாம் முறை காசு புரண்டபோது மணி நாலே கால்.

தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. குழியைப் பார்த்தார். பீடத்தின் அடியைப் பார்த்தார். நாற்புறமும் சூழ்ந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“கீழ நின்னுச்சே,” என்றார் மெதுவாக.

“படுத்துத்தான் இருக்கணும்னு டைரக்டர் சொல்லியிருக்காரே.”

“கண்ணாடி வேண்டாம்னார். கண்ணாடி வைக்கலியே. இது வெறும் கம்பி.”

“முக்கால் மணி நேரம்தான் இருக்கு.”

“அரை மணி போதும். நீங்களும் வாங்க, அளவு பார்க்கணும்.”

மாடிப்படியில் நின்று கத்தியிருக்கிறாரே ஒழிய, பட்டறைக்குள் அம்மையார் கால்வைத்தது அன்றே முதல்முறை. இயந்திர எண்ணெயும் அரக்குமாய் ஒரு மணம். பழைய டப்பாக்களில் தரம்பிரித்த திருகுகள். சுவர் முழுதும் ஆணியில் தொங்கும் கருவிகள், ஒவ்வொன்றின் பின்னும் அதன் உருவம் பென்சிலால் வரைந்து. அம்மையார் நடுவில் நின்றார். கண்ணுக்கு நேரே ஒரு குறடு. வளைந்த வாய், நீண்ட கால், நடுவில் ஓர் ஆணி. கையிலிருந்த காசைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி காசைப் பார்த்தார்.

“அதேதான் சம்பந்தி,” என்றார்.

தலைவரின் காது சிவந்தது. அந்தக் குறட்டையே எடுத்தார். பித்தளைக் கம்பியை விளக்கில் காட்டி இளக்கினார், வளைத்தார், முனையை அரத்தால் ஊசிமுனையாக்காமல் நெல்மணிபோல் உருட்டினார், வெள்ளியில் உலோகம் படாதவாறு மெல்லிய குழாயுறை போர்த்தினார். மூன்று விரல்களாய்க் கம்பி காசின் விளிம்பை ஏந்திற்று. தேவியின் தோட்டையும் மறைக்கவில்லை, சம்மட்டியின் காம்பையும் மறைக்கவில்லை. அம்மையார் விளக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார்; “இன்னும் ஒரு பொட்டு இடது” என்றார், “அதிகம்” என்றார், “கொஞ்சம் கோணல் மேஸ்திரி, கண்ணு தெரியலியா?” என்றார். சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவரோ ஓராண்டாய்க் கேளாத இசையைக் கேட்டவர்போல் நிமிர்ந்து, “தெரியுது மேடம், கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார்.

ஐந்து மணிக்குச் சலங்கை வந்தாள். பேழையின் நடுவே இருபத்துமூன்று காசுகள் சூழ்ந்து கிடக்க, ஒன்று மட்டும் பித்தளை விரல்களின்மேல் நிமிர்ந்து நின்றது. அவள் ஒருபுறம் பார்த்தாள், சுற்றிவந்து மறுபுறம் பார்த்தாள், பூட்டினாள், முத்திரை வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவுகள் திறந்தன. இயக்குநர் முதலில் வந்தார், நடுப்பேழையின் முன் நின்றார், நெற்றியைச் சுருக்கினார்.

“இது ஒண்ணு மட்டும் ஏன் நிக்குது?”

“எச்சரிக்கை பண்ற தெய்வம் சார்,” என்றார் அம்மையார். “படுத்துக்கிட்டா எப்படி எச்சரிக்கை பண்றது?”

இயக்குநர் நெடிது சிந்தித்தார். பின், தாமே வகுத்த திட்டம்போல் தலையசைத்துவிட்டு அடுத்த அரங்குக்கு நடந்தார்.

பட்டறையாட்கள் மனைவி மக்களோடு வந்து ஒருபுறம் திரண்டனர். ஒருவன் தன் மகளைத் தூக்கிப் பிடித்து, “அதோ, அப்பா கையில இருக்குமே, அதுதான்,” என்று காட்டினான். தலைவரின் மனைவியும் வந்தார். கணவர் இழுத்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சம்பந்தியம்மாள் இழுத்த பக்கம் இருமுறை பார்த்து, தோடு நன்றாயிருப்பதாகச் சொன்னார். மகளும் மருமகனும் பேழையின் பக்கவாட்டில், எந்தப் பக்கமும் சாராத இடமாகப் பார்த்து நின்றுகொண்டனர். அங்கிருந்து அவர்களுக்குக் காசின் விளிம்பு மட்டுமே தெரிந்தது, அதுவே போதும் என்றனர்.

கூட்டம் கரைந்தபின், முதல் பார்வையாளர் ஒருவர் உள்ளே வந்தார். நடுத்தர வயது, கையில் மடித்த குடை, உறவினரும் அல்லர், ஊழியரும் அல்லர், முன்பின் அறியாத தூய பொதுமகன். இரட்டையரைக் கடந்தார், யானையைக் கடந்தார், மூக்கு நீண்ட பேரரசர் அனைவரையும் கடந்து, நடுப்பேழையின் முன் வந்து நின்றார். தேவியின் முகத்தை உற்றுநோக்கினார். பின் மெல்ல, மிக மெல்ல, பேழையைச் சுற்றி மறுபுறம் சென்று சம்மட்டியை உற்றுநோக்கினார். மீண்டும் இந்தப் பக்கம் வந்தார். மீண்டும் அந்தப் பக்கம் சென்றார். முகத்தில் ஒரு தவிப்பு, ஒரு தேடல், விடைகாணாமல் அமையாத ஓர் உயிரின் துடிப்பு. இருபத்தாறு ஆண்டுத் தவமும் முப்பது ஆண்டு உழைப்பும் இந்த ஒரு மாந்தனின் நாவில் தீர்ப்புப்பெறக் காத்திருக்க, அம்மையார் உருப்பெருக்கியை இறுகப் பற்றினார். தலைவர் காதுப் பென்சிலை எடுத்து மீண்டும் செருகினார். ஈரேழு உலகங்களும் மூச்சடக்கி நின்ற அந்தப் பெருங்கணத்தில் அவர் நிமிர்ந்து, இருவரையும் மாறிமாறிப் பார்த்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நேராகப் போய் இடது பக்கம் என்று இருவரும் சொன்னார்கள்.